சாவிக்காக ஓடிய நாற்பது அடி

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைத் தவறவிட்டாள். சிமெண்டுத் தரையில் இரும்பு விழுந்து சிதறிய சத்தம். அவ்வளவுதான். கையிலிருந்த டீ கிளாஸை பெஞ்சில் வைத்தேனா, கீழே போட்டேனா, நினைவில்லை. என் வலது கை என் இடுப்புக்குப் போய்விட்டது. அங்கே சாவி இல்லை. சாவி செருகிக்கொள்வதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. கைக்கு அது தெரியவில்லை. கண் தரையைத் துழாவியது. யார் விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது, பக்கத்தில் நெருப்பு இருக்கிறதா. யாரும் விழவில்லை. அந்தப் பெண் குனிந்து கொத்தை எடுத்துக்கொண்டு பெருநகர் பஸ்ஸில் ஏறிப் போனாள். எனக்கு மட்டும் அந்த வெயிலில் கஞ்சி வாசனை அடித்தது.

இடுப்பில் சாவி செருகிய அந்தக் காலத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். பெருநகர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஏரிக்கரை ஓரமாக நடந்தால் பள்ளிக்கூடம். அதன் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கூடம். முற்றத்தின் அந்தக் கோடியில், அரிசியும் பருப்பும் முட்டையும் வைத்துப் பூட்டுகிற ஸ்டோர் ரூம். ஊரில் என்னை சத்துணவு டீச்சர் என்பார்கள். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவள் என்று எனக்குள் ஒரு நிமிர்வும் இருந்தது. சமையல் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போய்விட்டான், இரண்டு பெண்கள், அந்த வேலை ஒன்றுதான் அவள் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம், முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கண் மேலே செருக, கை கால் வெட்டி வெட்டி இழுக்க, வாயோரம் நுரை. நான் அலறவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. சின்ன வயதில் இதே பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தபோது, "சாவி குடு, சாவி குடு" என்று கூட்டம் கத்தியதும், யாரோ சாவியைக் கையில் திணித்ததும், இழுப்பு நின்றதும் என் கண்ணால் பார்த்தது. இடுப்பிலிருந்து ஸ்டோர் ரூம் சாவிக் கொத்தை உருவினேன். மடங்கியிருந்த விரல்களைப் பிரித்து உள்ளே வைத்து அழுத்தினேன். நின்றது. கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது.

விழித்ததும் அவள் பார்த்தது கையிலிருந்த சாவியை. அப்புறம் என்னை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். நெருப்புகிட்ட வேல செய்றவளுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க."

"சொல்ல மாட்டேன்க்கா. சாவிதான் என் இடுப்பிலேயே இருக்குதே."

"நீங்க பரவால்ல, சாவி வெச்சீங்க. எங்க மாமியா பழைய செருப்பத் தூக்கினு வந்து மூக்குல வெப்பாங்க. வலிப்பு போவும், ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முதுகு சில்லிட்டுப் போகிறது.

ஏனென்றால் அன்றிலிருந்து நான் அவளை எந்த டாக்டரிடமும் போகச் சொல்லவில்லை. சாவி இருக்கிறதே. தினமும் காலையில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நூறு பிள்ளைகளுக்கு உலை கொதிக்கிற குண்டான் முன்னால் அவளை நிறுத்தினேன். பயம் இல்லாமல் இல்லை. வெளியே உட்கார்ந்து நோட்டு எழுதும்போதெல்லாம் என் காது உள்ளே கரண்டிச் சத்தத்திலேயே இருக்கும். குண்டான் விளிம்பில் கரண்டி தட்டும், தட்டும், தட்டும். ஒரு மூச்சு நேரம் தட்டாவிட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எட்டிப் பார்ப்பேன். அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "இன்னா டீச்சர், சும்மா சும்மா எட்டிப் பாக்குற? முட்டையத் தின்னுடுவேன்னா?" என்பாள். பயத்தைச் சாவியால் பூட்டி வைத்துக்கொண்டு மறுபடி எழுதுவேன். அடுத்த முறை வலிப்பு வந்தது பாத்திரம் கழுவும் இடத்தில். அப்போதும் சாவி வைத்தேன், அப்போதும் நின்றது. என் நம்பிக்கைக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது முறை, அக்காவுக்குக் கூடமாட இருக்கிற சமையல் உதவியாளர் ஏதோ கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். அக்கா தனியாக உள்ளே. பருப்பு அளந்துகொடுத்த அவசரத்தில் நான் சாவியை ஸ்டோர் ரூம் பூட்டிலேயே தொங்கவிட்டு வந்திருந்தேன். கரண்டிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கஞ்சி வடிக்கக் குண்டானைச் சாய்த்தவள் அப்படியே விழுந்து கிடந்தாள். குண்டான் ஒருக்களித்துக் கிடக்க, ஆவி பறக்கக் கஞ்சி தரையில் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. அவளை நோக்கி. இன்னும் தொடவில்லை. கை நீட்டினால் அவள் கால் எனக்கு எட்டும்.

நான் திரும்பி ஓடினேன்.

சாவிக்காக ஓடினேன். முற்றத்தைக் கடந்து நாற்பது அடி. பூட்டிலிருந்து கொத்து கழன்று வரவில்லை, இழுத்தேன், நகம் பெயர்ந்தது. திரும்ப நாற்பது அடி. வந்து பார்க்கும்போது கஞ்சி அவள் இடது கைக்கு அடியில் போய்விட்டிருந்தது. அந்தக் கை அதற்குள்ளேயே இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வலது கையைத் தேடிப் பிடித்துச் சாவியை வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளை இழுத்தேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள், "எவ்ளோ நேரம் கெடந்தாங்க அதுல? நீ எங்க போன?"

"சாவி எடுக்க."

அவள் கை நின்றது. "ஏம்மா, உன்னப் போயி டீச்சர்ன்றாங்க. சாவி வெச்சா நிக்காதும்மா அது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், தானா நின்னுடும். நிக்காம அஞ்சு நிமிஷம் ஓடுனா ஆம்புலன்ஸக் கூப்புடணும். நெருப்பு கீதா, தண்ணி கீதா, அதுங்கிட்டேருந்து இழுத்துட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, பக்கத்துல இருக்கறதுதான் உன் வேல. நிக்கப்போற நேரத்துக்குச் சாவிய வெச்சிட்டு நீ நிறுத்துனன்னு நெனச்சிக்கினு கீற."

கரண்ட் வரப்போகிற நேரத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு நான்தான் வரவழைத்தேன் என்று நம்பிய ஒருத்தி. முப்பத்தைந்து வயது அப்போது எனக்கு. வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நடுக்கம். நடந்ததற்காக அல்ல, அதற்கு முன் நடக்காமல் போன நாட்களுக்காக. அந்தச் சாவி இல்லையென்றால் நான் பயந்திருப்பேன். பயந்திருந்தால் அவளை அடுப்பண்டையே விட்டிருக்க மாட்டேன். என் இடுப்பில் குலுங்கிக்கொண்டிருந்த அந்த இரும்புதான் அவளை ஒவ்வொரு நாளும் நெருப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. வேறென்னவெல்லாம் இப்படி நம்பிக்கொண்டிருக்கிறேன், யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சோறு கையிலேயே காய்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில், கஞ்சியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னோம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டாள். அடுப்பு வேலை முழுக்க உதவியாளருக்கு என்று மாற்றினேன். நறுக்குவதும் பரிமாறுவதும் அக்காவுக்கு. என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. தழும்பேறிய கையால் பிள்ளைகளுக்கு முட்டை வைப்பாள். நான் அந்தக் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பேன். இரண்டு வருஷம் வலிப்பு வரவில்லை. கரண்டிச் சத்தத்துக்கு நான் காது கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. சாவியைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு ஏரிக்கரையில் நடந்தபோது அக்கா கூடவே வந்தாள். புதிதாக வருகிறவளிடம் என்ன சொல்வது என்பதுதான் எங்கள் இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் அவள் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மறுபடி அவளை அடுப்பில் நிறுத்துவார்கள். ஒருநாள் அவள் விழுவாள். புதியவளும் இந்த ஊர்க்காரிதான், அவளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

அந்தப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. போக வேண்டும் என்று கிளம்பி, பெருநகர் பஸ்ஸில் ஏறாமல் நின்ற நாட்கள் உண்டு. போன வாரமும் அப்படித்தான். சாவியைத் தவறவிட்ட அந்தப் பெண் ஏறிப் போன பஸ் மறையும்வரை, வெறும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதே பஸ்தான் நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்றும் ஏரிக்கரையில் எங்கள் முன்னால் வந்து நின்றது. படியில் கால் வைத்துக்கொண்டு கேட்டேன், "புதுசா வர்ற அந்தம்மாகிட்ட நான் சொல்லட்டுமாக்கா?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"நீ சொல்லாத டீச்சர். வேல போனாலும் என் வாயாலயே போவட்டும். நானே சொல்லிக்கிறேன், சாவியத் தேடிக்கினு ஓடாதம்மா, என்ன இழுத்துப் போட்டுட்டு பக்கத்துலயே குந்திக்கோன்னு."