கதவுக்குப் பின்னால் இருந்த இங்கிலீஷ்

பேட்டையில் ஏதாவது ஓர் ஆட்டோவில் ஏறி என் பட்டறைக்கு என்று சொன்னால் போதும், வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலையில் ஆரம்பித்தேன். இன்று இரண்டு ஷெட், பின்னாலேயே வீடு. உடன்குடிக் கருப்பட்டி எத்தனை இறுகிக் கிடந்தாலும் மாவாக்கித் தருகிற மிஷின் என் மூளையில் பிறந்தது. எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. என் மிஷின் கப்பலேறி ஆப்பிரிக்கா போயிருக்கிறது.

மிஷின் போனதும் இங்கிலீஷ் வந்து சேர்ந்தது. தான்சானியாவில் மசாலா அரைக்கிற ஒருவர் அதை வாங்கினார். திங்கட்கிழமை தோறும் போனில் வருவார். தனித்தனி வார்த்தை எனக்குத் தெரியும், சேர்த்துச் சொன்னால் வழுக்கிவிடும். ஒருநாள் மோட்டார் 'கேவ் அவுட்' என்றார். மோட்டாரை யாருக்குக் கொடுத்தார், எதற்கு வெளியே என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள் பைய சொன்னாள்.

"மோட்டார் ஓடாம நின்னு போச்சாம் மாமா."

அவள் இங்கிலீஷ் எம்.ஏ., கூடவே பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். மகன் கத்தாரில் இருக்கிறான், அவள் எங்களோடு. அன்றிலிருந்து காலையில் காப்பியோடு ஒரு சொற்றொடரும் தருவாள். திங்கட்கிழமை நான் போனில் பேசும்போது கதவுக்குப் பின்னால் நிற்பாள். நான் தப்பாகப் போனால் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. உடனே "வெயிட், வெயிட்" என்று சொல்லி உள்ளே போய்க் கேட்டு வருவேன். அந்த ஆள் நான் மிஷினைப் பார்க்கப் போனதாக நினைத்துக்கொள்வார்.

புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. புட் அவுட் என்றால் அணைப்பது. புட் டவுன் என்றால் கீழே வைப்பது, ஆளை மட்டம் தட்டுவதும் அதுதான். லேத் ஒன்றுதான், முனையில் மாட்டுகிற பிட்டை மாற்றினால் வேலை மாறிவிடுகிற மாதிரி. அவளுக்கு ஒருநாள் நான் சொன்னேன்: "நம்மகிட்டயும் உண்டும்மா. 'கொடு'ன்னு ஒரு சொல்லு. விட்டுக்கொடு, சொல்லிக்கொடு, காட்டிக்கொடு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கா பாரு." இதை நானேதான் கண்டுபிடித்தேன், சத்தியமாக.

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இத நான் பிள்ளைகளுக்குச் சொல்லணும் மாமா" என்றாள். எந்தப் பிள்ளைகளுக்கு என்று நான் கேட்கவில்லை.

சில நாளில் வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது.

"திங்கக்கிழம ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லுதாவ மாமா. போயிட்டு வந்துரட்டுமா?"

"திங்கக்கிழமயா? அன்னைக்கு அந்தாளு புது ஆர்டர் பேசணும்னு சொல்லியிருக்காரேம்மா. அடுத்த வாரம் வரலாமான்னு கேட்டுப் பாரு. பார்ப்போம்."

என் வீட்டில் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பட்டறையில் கடைசி ஆள் வரைக்கும் அது தெரியும். அவள் "சரி மாமா" என்று உள்ளே போனாள்.

அந்தச் சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு கூடினோம். படிக்காமலே வெளிநாட்டுக்காரனிடம் பேசி வியாபாரம் பிடித்தது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கேட்கவா வேண்டும்! "யார்கிட்டயும் போய் நிக்கல. நானாப் படிச்சேன். இங்கிலீஷ்ல 'பர்ன் த மிட்நைட் ஆயில்'ம்பான். ராத்திரி முழுக்க விளக்கெரிச்சுப் பாடுபடுறது. அப்படிப் படிச்சேன்" என்றேன். கைதட்டல் நிற்கவில்லை. அந்தச் சொற்றொடர் அன்று காலையில்தான் மருமகள் தோசை திருப்பிக்கொண்டே சொன்னது. என் மனைவிக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்து கைதட்டினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி கேட்டாள்: "ஒம்போது மணிக்கெல்லாம் கொறட்ட விடுத ஆளு எந்த வெளக்க எரிச்சிய?" மருமகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காப்பி வந்தது. "இன்னைக்கு என்னம்மா?" என்றேன். ஏதாவது குத்தலாக வரும் என்று ஒருவகையில் காத்திருந்தேன்.

"புட் அப் வித், மாமா. பொறுத்துக்கிடுதது. நம்ம ஆளுங்க ஷெட்டுல வெக்கையப் பொறுத்துக்கிடுதாங்கல்லா, அந்த மாதிரி."

எப்போதும் போலப் பட்டறையிலிருந்தே உதாரணம். குரலில் ஒரு முள் கிடையாது. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதைத் தேற்றியிருப்பேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கு வள்ளியூருக்குப் போயிட்டு வாம்மா."

"வரலன்னு நேத்தே சொல்லிட்டேன் மாமா. அடுத்த வாரத்துக்குக் கேட்டுப் பாத்தேன். வேற ஆளப் பாத்துக்கிடுதோம்னுட்டாவ."

திங்கட்கிழமை ஆர்டர் கிடைத்தது. கதவுக்குப் பின்னால் நின்று, ஒரு தட்டுகூடத் தப்பாமல் தட்டி, அவள்தான் வாங்கிக்கொடுத்தாள்.

மனது கேட்காமல் டீக்கடையில், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். என் வயசு, நாற்பது வருஷப் பழக்கம். அவர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

"இது தெரியாமலா இருக்கோம் வே? நீரு போன்ல பேசுத அன்னைக்கு டம்ளர் சத்தம் என் ஷெட்டு வரைக்கும் கேக்குல்லா."

"அப்புறம் எதுக்குவே கை தட்டுனீரு?"

"மருமவளே தட்டுதா. நான் தட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஆக, ஊரே என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறது. அதை ஆரம்பித்து வைத்தவள் அவள்.

போன மாதம் பேட்டையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். பார்த்தால் அதுவும் திங்கட்கிழமை. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "போயிட்டு வா" என்றேன்.

"போன் வந்தா, மாமா?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

நேரத்துக்கு போன் வந்தது. அடுப்படியில் மனைவி மட்டும்தான்.  லேத்தில் விரல் போக இருந்த அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. "டுடே நோ. புட் ஆஃப், டுமாரோ. மை டாட்டர் இன் லா, ஸ்கூல் போயிருக்கு" என்று தமிழும் கலந்து ஒப்பேற்றினேன். மாணவியா என்று கேட்டார்.

"நோ, நோ. டீச்சர். மை டீச்சர்."

சரியா தப்பா தெரியவில்லை. டம்ளர் சத்தம் வரவில்லை. அந்த ஆள் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. போனில் என்ன பேசினேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம், முகம் தெரியாத ஆளிடம் 'மை டீச்சர்' என்று வந்த அந்த வார்த்தை, பேட்டையில் மைக்கைப் பிடித்தபோது என் வாயில் வரவில்லையே. அடுத்த கூட்டத்துக்கும் என்னையே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு போவேன்.