பெட்டிக்குள் பூட்டிய அடையாள அட்டை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த தமிழனுக்கு அடையாள அட்டையும் உடம்பில் ஓர் உறுப்புத்தான். காலையில் சாப்பாட்டுப் பார்சலைத் தருவதற்கு முதல் மனைவி, "இஞ்சேருங்கோ, ஐசி எடுத்தனீங்களோ?" என்பாள். ஓம் என்றாலும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துத்தான் விடுவாள்.

அப்படிப்பட்ட என்னை, பேலியகொடைக்கு அப்பால் இருந்த டிரான்ஸ்போமர் தொழிற்சாலையில், பையில் இருப்பதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். நியாயமான சட்டம்தான். கம்பிச் சுருளுக்குள் ஒரு நாணயம் விழுந்தாலே போதும், பிறகு முழு இயந்திரமும் வெடிக்கலாம். எங்கள் வேலை அந்தச் சுருளுக்குள் கண்ணாடி இழைகளைச் செருகுவது. உள்ளே எவ்வளவு சூடு என்று இழையின் நுனி மீட்டருக்குச் சொல்லும். கொஞ்சம் அதிகமாக வளைத்தால் இழை முறிந்துவிடும். இயந்திரத்தைத் தொட்டிக்குள் இறக்கி எண்ணெய் நிரப்பிய பிறகு மாற்றவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்ததோ அளவாகத்தான், உபரி ஒன்றுகூட இல்லை.

கடைசி இழையை உறையிலிருந்து எடுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆமிக்காரர் சோதனைக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் வெளியே வரவேண்டுமாம். பதறி இழையை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். எப்படி வைத்தேன் என்று நினைவில்லை.

முற்றத்தில் வரிசை. என் முறை வந்தது.

"ஐடென்டிட்டி எக்க கோ?" என்று ஆமிக்காரன் அட்டையைக் கேட்டான்.

பெட்டிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பூட்டைத் திறக்கும் திறப்பு ஸ்டோர்காரரிடம். அவரோ சாப்பிடப் போயிருந்தார். மற்றவர்களின் அட்டைகளும் பெட்டிக்குள்தான், ஆனாலும் ஆமிக்காரன் என்னை மட்டும் தங்கள் ட்ரக்கோடு தனியே நிறுத்தினான். என்னோடு வேலை செய்த சிங்கள மெக்கானிக், கைத்தொழில் தெரிந்தவர்களை அழைக்கும் வழக்கப்படி நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், எனக்காக வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. ஒருவழியாக ஸ்டோர்காரர் வந்தார், அட்டையும் வந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். பயமே இல்லாதவன்போல் நடந்து வந்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஏசி அறைக்குள் வந்து இழையை மீட்டரில் மாட்டினேன். செருகுவதற்கு முதல் நுனியை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்ப்போம். உடம்புச் சூட்டுக்கு இலக்கம் ஏறவேண்டும். ஏறவில்லை. இறுக்கிப் பிடித்தேன். அறையின் குளிரிலேயே நின்றது. முறித்துவிட்டேன் என்றே முடிவுகட்டினேன். மற்றவன் முறித்தால் கைத்தவறு. ஆமி தனியே நிறுத்தி வைத்த தமிழன் முறித்தால் நாசவேலை. இந்த முறை எந்த அட்டையைக் காட்டித் தப்புவது?

மறைக்கவும் வழியில்லை, பாஸிடம் சொன்னேன்.

"குடுங்க சேர்," என்று நுனியை வாங்கித் தன் விரல்களுக்குள் வைத்தார். இலக்கம் மளமளவென்று ஏறியது.

"வயருக்கு ஒண்டும் இல்ல சேர்," என்றவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். "அய்யோ, ஐஸ்!"

என் இரண்டு கைகளையும் பிடித்துச் சூடேறத் தேய்த்துவிட்டார். நல்ல மனிதர். அவரும் அதே வரிசையில்தான் நின்றிருந்தார். நன்றி சொல்லவேண்டிய அந்த நேரத்தில், அவருடைய சூடான கையைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது.