நாரைத் தீவின் காவற்காரர்

அவரை எனக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியும். ஒட்டிய கன்னம், உப்பு நீரில் வெளிறிப்போன கால்கள். வாவி நடுவே நாரைகள் கூடு கட்டும் தீவில் ஊரார் கால் வைக்காமல் காப்பது அவர் வேலை. பார்க்க வரும் துரைமாரைத் தோணியில் அங்கே கூட்டிப்போவதும் அவர் வேலைதான். அன்று வந்த துரைக்கு நான் மொழிபெயர்ப்பாளன்.

தீவு தெரிந்ததும் தலைப்பாகையை அவிழ்த்து மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தலையில் வெள்ளை அசைந்தால் பறவைகள் வெருளுமாம். துரையின் வெள்ளைத் தொப்பியைக் கண்ணால் காட்டினார். நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

தொலைவிலேயே தோணியை நிறுத்தினார். இன்னும் கிட்டப் போகச் சொன்னார் துரை. போனோம். முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டதில் வாவி வற்றியிருந்த நேரம். தோணி சேற்றில் ஏறி இறுகிவிட்டது. நாரைகள் மொத்தமாக எழுந்து தலைக்குமேல் சுற்றின. துரைக்குப் பரவசம், காவற்காரருக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

காவற்காரர் தொடையளவு சேற்றில் நின்று தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கூட்டில இருக்க வேண்டியதெல்லாம் மேல பறக்குது ஐயா. நாம இஞ்ச நிக்குமட்டும் இறங்காது. அங்க பாருங்க, முட்டைக்குக் காகம் வந்திட்டு. இதையும் துரைக்குச் சொல்லுங்க."

"என்ன சொல்கிறான்?" என்று இங்கிலீசில் கேட்டார் துரை.

"தோணி இப்போது அசைந்துவிடும் என்கிறார்" என்றேன்.

அது அசைய நெடுநேரமாயிற்று. அதுவரை அவர் என் முகத்தையே பார்த்தபடி தள்ளினார். அவருக்கு இங்கிலீசு தெரியுமோ என்ற சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை.