மகாராணியை யாரும் கேட்கவில்லை

அண்ணியின் பூட்டு இப்போது என் பையில் கிடக்கிறது. உள்ளங்கை அகலப் பித்தளைப் பூட்டு, ஒரு பக்கம் பச்சை பூத்துப் போனது. சாவி இல்லை. வளையம் திறந்திருக்கிறது, தவறி அழுந்திவிடக் கூடாது என்று ஒரு துணியைச் சுருட்டி இடையில் செருகி வைத்திருக்கிறேன். ஈப்போவில் அண்ணி குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டு இது. அதற்கு முன்னால், ஆயர் தாவார் பக்கம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கே எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கதவில் தொங்கியது. என் அண்ணன் செத்தது அந்தக் கதவுக்கு உள்ளே. பூட்டு வெளியே இருந்தது.

நான் ஓரிடத்தில் தங்கியவன் இல்லை. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் லாரியில் மூட்டை தூக்கினேன், ஜொகூரில் சிமெண்டு குழைத்தேன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். அண்ணன் செத்தபோது அங்கேதான் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. முதுகு போய், எந்த வேலைக்கும் ஆகாமல் போன பிறகு ஒருநாள் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன். பூட்டைத் திறந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்துட்டியா? செருப்ப வெளிய விடு. பசியாறிட்டியா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அப்போது அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போவார். மீதி நாள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார். எதிர்வீட்டு அக்கா ஒரு பெட்டியை வாங்கி டிவியில் மாட்டிக் கொடுத்திருந்தார். அதில்தான் அந்த ரஷ்ய மகாராணியின் தொடர் வந்தது. ஆள்கள் ரஷ்ய மொழியில் பேசுவார்கள், கீழே மலாய் எழுத்து ஓடும். அண்ணிக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. எனவே நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்வேன். அந்த அரண்மனையில் அரசர்களும் படைத்தலைவர்களும் என் வாய் வழியாகத் தோட்டத்துத் தமிழ் பேசினார்கள்.

கதை தொடக்கத்திலேயே அண்ணியைப் பிடித்துக்கொண்டது. எங்கோ ஒரு சின்ன ஊர்ப் பெண்ணைப் பனிக்குள் வண்டியில் ஏற்றி ரஷ்யாவுக்குக் கொண்டு வருகிறார்கள். மதத்தை மாற்றுகிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள். கட்டிக்கொண்டவன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறான். வீட்டை ஆள்வது அவனுடைய சித்தி. அண்ணி சுங்காய் ஊரில் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது என் அம்மா அவருடைய ஞானஸ்நானப் பெயரை எடுத்துவிட்டு ஓர் அம்மன் பெயரை வைத்தார். சிலுவையைக் கழற்றச் சொன்னார். அப்படியும் லயத்தில் அவருக்கு 'வேதக்காரி' என்றுதான் பெயர். குழம்பு புளித்தால் வேதக்காரி கை, மழை பெய்யாவிட்டால் வேதக்காரி கால். அண்ணன் பொம்மை வைத்து விளையாடவில்லை. சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தார். பால் மரம் சீவிவிட்டு வந்ததும் தொடங்கி, விழுகிற வரை குடிப்பார். என் அம்மா சாகும்வரை அவருடைய மர நிரையையும் தன்னுடையதோடு சேர்த்து அண்ணிதான் சீவினார்.

அண்ணன் செத்த பிறகுதான் அண்ணி எழுந்தார். கோயில் கமிட்டியில் பெண்கள் பக்கம் அவர் சொன்னதுதான் முடிவு. கங்காணி வேலைகூடப் பார்த்தார். தோட்டத்தை விற்று எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, மாற்று வீடு கொடுக்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது என்று லயத்தின் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தார். வீடு கிடைத்தது. அவர் வாங்கிக் கொடுத்த வீட்டில் குடியேறியவர்களே முதுகுக்குப் பின்னால், "மகாராணி வாராங்க, வழிய விடு" என்பார்கள். அதற்கும் பின்னால் இன்னொரு பேச்சு இருந்தது. புருசனுக்கு எதையோ வைத்துக் கொன்றுவிட்டாள் என்று. பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே என் காதில் விழுந்தது அது. அண்ணியின் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்சர் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

எதிர்வீட்டு அக்கா பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாக இருந்தவர். தினமும் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பார். பின்னால் சண்டைப் பாகங்கள் வந்தபோதும் அதேதான்.

"அந்த வெள்ளக்காரி இன்னிக்கி எவன புடிச்சிருக்கா?"

"ஒனக்கு அதுதான் கவல. அவ துருக்கிக்காரன அடிச்சு வெரட்டுறா, அத கேளு" என்பார் அண்ணி.

"சண்டைய எவ பாப்பா லா. நல்ல எடம் வந்தா கூப்புடு, வாரேன்."

அந்த அக்காதான் ஒருநாள் கீழ்மாடிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநாள் குடிகாரர், பிள்ளைகள் திட்டினார்கள் என்று ஒரேயடியாகக் குடியை நிறுத்திவிட்டாராம். இப்போது ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டிருக்கிறார்களாம். "ஒடம்பு பூராவும் தூக்கித் தூக்கிப் போடும். இல்லாத பூச்சிய செவுத்துல புடிப்பான். செத்தவங்களோட பேசுவான். மருந்து ஏத்தலன்னா ஆளு போயிருவான். எங்க வார்டுல எத்தன பேர பாத்துட்டேன்."

அண்ணி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அது பாக்குறதுக்கு எப்படிக்கா இருக்கும்? சாமி வந்த மாதிரியா?"

"சாமியா? ஒங்களுக்கு எதப் பாத்தாலும் சாமிதான்" என்று சிரித்துக்கொண்டே அந்த அக்கா போய்விட்டார். அண்ணி அன்றைக்கு மீதிக் கதையைப் பார்க்கவில்லை. அதன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதற்கடுத்துதான் அந்தப் பாகம் வந்தது. மகாராணி படைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, பட்டத்தில் இருந்த புருசனை இறக்கி, தூரத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறாள்.

"பூட்டு வெளியவா, உள்ளயா?" என்று கேட்டார் அண்ணி.

"வெளிய காவல் நிக்குது அண்ணி."

சில நாளில் அவன் செத்துப் போனதாகச் செய்தி வருகிறது. வயிற்றுவலி என்று ஊருக்கு அறிவிக்கிறார்கள். அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "அவங்களுக்கு வயிறு. நமக்கு இருதயம்" என்றார். பிறகு, "அவ சொல்லித்தான் செஞ்சானுங்களா?" என்று கேட்டார்.

"அத தெளிவா காட்டல."

அதற்குப் பிறகு மகாராணி நெடுங்காலம் ஆள்கிறாள். ஊர்களைப் பிடிக்கிறாள், மாளிகைகள் கட்டுகிறாள், வெளிநாட்டுப் படிப்பாளிகளுக்குக் கடிதம் எழுதுகிறாள், ஆள் மாற்றி ஆள் வைத்துக்கொள்கிறாள். அண்ணிக்கு இவை எதிலும் மனம் போகவில்லை. ஒவ்வொரு பாகம் முடியும்போதும், "யாராச்சும் அவள கேட்டாங்களா?" என்பார். எதை என்று நான் முதலில் கேட்டேன். "புருசன் எப்படி செத்தான்னு." இல்லை, எவரும் கேட்கவில்லை. எல்லாரும் குனிந்து கையை முத்தமிட்டார்கள். வெளியே போய்க் கிசுகிசுத்தார்கள்.

ஒரு காலைப்பொழுது. அன்றைய பாகத்தில், தாடி வைத்த ஒருவன் குதிரையில் வந்து, செத்துப்போன அரசன் நான்தான், நான் சாகவில்லை என்கிறான். ஏழை ஜனங்கள் அவன் பின்னால் போகிறார்கள். அண்ணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"திரும்பி வந்துட்டானா?"

"இல்ல அண்ணி. எவனோ அவன் பேர சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

"அவளுக்குத் தெரியுமா அது அவன் இல்லன்னு?"

"தெரியும்."

கடைசியில் அவனைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொண்டு போகிறார்கள். மகாராணி அவனைப் பார்க்கப் போகவே இல்லை. "ஒரு தடவ போய் பாக்கலாம்ல" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார் அண்ணி. "பொய்க்காரன்னாலும் அந்தப் பேர சொல்றான்ல. நானா இருந்தா போயிருப்பேன்."

நான் படத்தை நிறுத்தினேன். "அண்ணனுக்கு என்னா ஆச்சு அண்ணி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நின்றுபோன படத்தில் இருந்த கூண்டைப் பார்த்தார். கேட்பதற்கு ஒருவன் வருவான் என்று, சொல்ல வேண்டியதை அடுக்கி வைத்திருந்தவர்போல, தடங்கல் இல்லாமல் சொன்னார்.

கோயில் தீமிதிக்கு அண்ணன்தான் காப்புக் கட்டிக்கொள்கிறேன் என்றாராம். காப்புக் கையில் இருந்தால் குடிக்க முடியாது, அதோடு விட்டுவிடலாம் என்று அழுதாராம். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். நேர்த்தி கெட்டுவிடக் கூடாது என்று, வேலைக்குப் போகும்போது அண்ணி கதவை வெளியே பூட்டினார். குடிகாரப் புருசனை அப்படிப் பூட்டிவிட்டுப் போவது எங்கள் லயத்தில் புதிது இல்லை. முதலில் வேர்த்தது. மறுநாள் கை நடுங்கத் தொடங்கி, பிறகு உடம்பே குலுங்கியது. கண் மேலே செருகியது. செத்துப்போன எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாராம். சன்னலில் பார்த்த யாரோ, சாமி வந்துவிட்டது என்றார்கள். லயமே திரண்டது. உடுக்கை அடித்தார்கள். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள்.

"குறி கேட்டாங்க தம்பி. எம் மவளுக்கு எப்ப கல்யாணம், காணாமப் போன மாடு எங்கன்னு. அவரும் எதையோ ஒளறுனாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எங்கிட்ட விபூதி வாங்குனாங்க. இந்த வேதக்காரிகிட்ட. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

அடுத்த நாள் விடியலில், அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் தெளிவாக விழித்திருந்தாராம். காப்புக் கட்டிய கையை நீட்டினார். இது சாமி இல்லை, உடம்புக்கு முடியவில்லை, இதை அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் சம்சு வாங்கிக் கொடு என்றார்.

"எங் கையில பால் சீவுற கத்தி இருந்துச்சு. ஒரு இழு இழுத்தா போதும். ஆனா அவுத்தா என்னா சொல்வாங்க? வேதக்காரி சாமி காப்ப அறுத்துட்டா, பழைய புத்தி போகலன்னு சொல்வாங்க. அவங்க யாரு வேணும்னாலும் அறுக்கலாம், நான் அறுக்கக் கூடாது. பூட்டிட்டுப் போயிட்டேன். வந்து தொறக்கறப்ப கதவு தள்ள வரல. அவரு கதவோரமா விழுந்து கெடந்தாரு."

அண்ணி நீட்டியிருந்த காலை மடக்கி உட்கார்ந்தார்.

"விஷம் வச்சேன்னு சொல்றாங்க, தெரியும். யாராச்சும் கேட்டிருந்தா இதச் சொல்லியிருப்பேன். அப்ப சாமி கூட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். எதிர்வீட்டுக்காரி சொன்னப்பத்தான் அது நோய்னு தெரிஞ்சுச்சு." திரும்பி என்னைப் பார்த்தார். "நீ அவருக்குத் தம்பி. நீ சொல்லு. நான் செஞ்சதா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம்தான். அண்ணி அதற்காகக் கேட்கவில்லை. "நீங்கதான் அண்ணி" என்றேன். "நீங்க, சன்னல்ல நின்னவங்க, சம்சு வித்தவன், எல்லாரும். ஆனா பூட்டுனது நீங்க. கொல்லணும்னு பூட்டல."

வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், கணக்கு சரிதான் என்பதுபோல. "சரி. தண்ணி கொஞ்சம் குடு. கூட வேணாம், டாக்டர் ஏசுவான்" என்றார்.

அன்று தொடங்கி அவர் இரும்புக் கதவைப் பூட்டவில்லை. பூட்டு திறந்தபடி கம்பியில் தொங்கும். "திருடன் வந்தா என்னா செய்வீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா சத்தம் போட்டார். "வந்தா ஒக்காந்து கத பாக்கட்டும்" என்றார் அண்ணி. சாவியை எங்கே போட்டார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. சுங்காயிலிருந்து அவருடைய தம்பி வந்து, எந்த முறைப்படி எடுப்பது என்று கேட்டார். அண்ணி எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. ஒருவர் ஜெபம் செய்தார், ஒருவர் தேங்காய் உடைத்தார். எரித்தோம்.

வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் மீதியிருந்த பாகங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மகாராணி கிழவியாகி விழுகிறாள். மணி அடிக்கிறார்கள், பாதிரிகள் வருகிறார்கள், ஊரே அழுகிறது. கடைசி வரை யாரும் அவளைக் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.

இப்போது கோப்பேங் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் காவலுக்கு இருக்கிறேன். இங்கும் நெடுநாள் இருப்பேன் என்று தோன்றவில்லை. பண்ணைக்காரர் ஒருநாள் பையிலிருந்த பூட்டைப் பார்த்துவிட்டு, நல்ல பித்தளை, கதவுக்குப் போடேன் என்றார். சாவி இல்லை, ஒருமுறை அழுத்திவிட்டால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவர் போன பிறகு துணியை எடுத்து உதறி, இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் சுருட்டி, வளையத்துக்குள் மறுபடி செருகினேன்.