சுவர் சொன்ன ஆமென்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தேன். எங்கள் லுத்தரன் வீட்டுப் பழக்கப்படி, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் தினமும் சாயங்காலம் இயேசுவின் பாடுகளை வாசித்து ஜெபிப்பேன். கேட்க ஆளில்லாவிட்டாலும் சத்தமாகத்தான்.

ஒருநாள் ஜெபம் முடியும் நேரம் பால் பொங்கிவிட்டது. ஆமென் சொல்லாமல் எழுந்து ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் "ஆமென்" என்றது.

பக்கத்து வீட்டில் எப்போதும் பூட்டுதான் தொங்கும். மறுநாள் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"தம்பி, அது லட்சுமியம்மா. படுத்த படுக்கை. மகன் பூட்டிட்டு ஷிப்டுக்குப் போயிடுவான். எந்த சாமியா இருந்தா என்ன, ஒரு மனுஷக் குரல் கேக்குதேங்கறாங்க."

அன்றிலிருந்து ஆமெனை அவருக்கே விட்டுவிட்டேன். தினமும் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் அவர் இறந்துபோனார். சொந்த ஊரான ஆனேக்கலுக்கு எடுத்துப் போனார்கள்.

ஈஸ்டர் சாயங்காலம் ஜெபித்து முடித்து, பழக்கத்தில் ஆமென் சொல்லாமல் நிறுத்தினேன். பக்கத்து வீடு பூட்டியே இருந்தது. ஆமென் கேட்டது. என் வாய்தான் சொல்லியிருக்கும் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் ஆமெனுக்கு முன்னால் கொஞ்சம் பொறுக்கிறேன். முந்திக்கொண்டு சொல்ல மனசு வருவதில்லை.