ஒரே ஒரு தரம் கேட்டவர்

வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு குக்கர் வைக்கக் கூடாது. அது என் மருமகள் போட்ட சட்டம். அவள் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். ஜெர்மனியில் இருக்கிற ஒரு காலேஜோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு வகுப்பு எடுத்தாள். இங்கிருக்கிற பிள்ளைகளும் அங்கிருக்கிற பிள்ளைகளும் ஒருத்தர் பழக்கத்தை ஒருத்தர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவர்களுக்கு மத்தியானம் என்றால் நமக்கு விளக்கு வைக்கிற நேரம். அந்நேரத்துக்குக் காலேஜில் அறையைப் பூட்டிவிடுவார்கள். அதனால் கடலூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு வகுப்பு. குக்கர் விசில் ஜெர்மனி வரைக்கும் கேட்கிறது என்பாள். நான் பானையில் சோறு வடித்தேன், பேத்தியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தேன், டிவியை அணைத்தேன். காலேஜ் அவளுக்குச் செய்யாததை நான் செய்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். இருந்தாலும் இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அந்த ஜெர்மனிக் காலேஜின் டீச்சரம்மா ஒரு தடவை இங்கே வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வந்ததும் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து என்னிடம் நீட்டினாள். மயில் கழுத்து நிறம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கொடுத்த உடனே வாங்குவதற்கு நான் என்ன அலைகிறவளா? கையை ஆட்டி, "எதுக்கும்மா இதெல்லாம், வேணாம்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்ச் சால்வையைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்! இப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததே இல்லை.

அவள் போன பிறகு மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்தை, அவுங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான். மறுபடி கேட்டா மரியாதை இல்லன்னு நெனப்பாங்க."

"நம்ம ஊர்ல மறுபடி கேக்கலன்னாதாண்டி மரியாதை இல்ல. நீ சொல்லிக் குடுக்கறதில்லையா?"

சொல்லிக் கொடுத்தாள். அதையே அந்த வார வகுப்பில் பாடமாக வைத்து, இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்தாள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அந்த அம்மா மறுபடியும் வந்தாள். நான் வேண்டாம் என்கிறேன், அவள் நீட்டுகிறாள். மறுபடி வேண்டாம் என்கிறேன், என் கையைப் பிடித்துத் திணிக்கிறாள். அப்புறம் வாங்கிக்கொண்டேன். பீரோவில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எங்கேயோ பிறந்த பொம்பளை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

போன வருஷம் அந்த ஜெர்மனிக் காலேஜில் ஒரு மாதம் வந்து தங்கிப் பாடம் நடத்த, இங்கிருந்து ஒருத்தரை அனுப்பச் சொன்னார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வகுப்பை நடத்தியது என் மருமகள். போக வேண்டியவளும் அவள்தான். அவள் வாய் திறந்து ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றுக்குத்தான். அனுப்புகிற பொறுப்பு அவளுடைய துறைத் தலைவருக்கு. அந்த மனுஷன் அவளைக் கேட்கவில்லை. அவள் வகுப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்து எனக்குப் போன் போட்டார்.

"அம்மா, ஒங்க மருமகள ஜெர்மனிக்கு அனுப்பலாமான்னு யோசன. பெரியவங்க ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் அனுப்பு அனுப்பு என்று குதிக்க முடியுமா?

"எதுக்குங்க சார் அவ்ளோ தூரம். கொழந்த வேற இருக்குது."

"சரிங்கம்மா. ஒங்க இஷ்டம்." போனை வைத்துவிட்டார்.

நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த தரம் கேட்டால், அவளுக்கு இஷ்டம்னா எனக்கென்ன சார் என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்த தரம், தாராளமா போயிட்டு வரட்டும் என்று சொல்ல வேண்டும். எல்லாம் மனசுக்குள் தயாராக இருந்தது. போன் வரவே இல்லை.

சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வேணாம்னா சொன்னீங்க?"

"வேணாம்னு எங்கடி சொன்னேன்? எதுக்குன்னுதான் சொன்னேன். திரும்பக் கேப்பாரு பாரு."

"கேக்க மாட்டாரு அத்தை. அவருக்கு அது போதும்."

இரண்டு நாளில் வேறொருத்தர் பேர் போய்விட்டது. அந்த வகுப்பில் ஒரு நாள்கூடத் தலை காட்டாத ஆள். மருமகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

போகாதீங்க அத்தை என்று அவள் சொல்லச் சொல்ல, நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன். துறைத் தலைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"அம்மா, காபி சாப்புடுங்க."

"வேணாங்க சார்."

"வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சமா."

"வேணாம்."

"அட, நம்ம காலேஜ் காபிம்மா, அர டம்ளராவது சாப்புடுங்க."

"காபிக்கு மூணு தரம் கேக்கறீங்க. அன்னைக்கி ஏன் சார் ஒரு தரத்தோட போன வெச்சீங்க?"

அவர் சிரித்தார். "நீங்கதானம்மா வேணாம்னீங்க. பொம்பளப் புள்ள, குடும்பத்துல பிரச்சன வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

"இப்ப ஒருத்தரு போறாரே, அவுங்க அம்மாவுக்கும் போன் போட்டுக் கேட்டீங்களா?"

"அம்மா நல்லாப் பேசறீங்க" என்று மறுபடியும் சிரித்தார். "பேரு போயிடுச்சும்மா, இனிமே மாத்த முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

நான் தவறு செய்ததாக இன்றைக்கும் நினைக்கவில்லை. முதல் தரம் வேண்டாம் என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்த மனுஷனும் இந்த ஊரில்தான் பிறந்தார், இந்த ஊரில்தான் பெண் எடுத்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் வரவழைத்த காபி அப்படியே ஆடை கட்டிக் கிடக்க, எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே மருமகளுக்குப் போன் போட்டார். போகப்போகிறவருக்கு அங்கே என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். ஒரு மாதப் பாடத்தையும் அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மேசைக்கு அந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இல்ல சார், என்னால முடியாது" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர் மறுபடியும் கேட்டார். "வேலை ஜாஸ்தி சார்" என்றாள்.

அவர் விடவில்லை. இந்த முறை அவர் குரல் குழைந்தது எனக்கே கேட்டது. மருமகள் என்னைப் பார்க்காமல், "சரி சார்" என்றாள்.

"ஏண்டி?" என்றேன்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை."

சாயங்காலம் வகுப்புக்கு முன்னாடியே மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பாடத்தை எழுத உட்கார்ந்தாள். அன்றைக்கு வகுப்பு நாள், குக்கர் வைக்கக் கூடாத நாள். நான் எழுந்துபோய்க் குக்கரை ஏற்றினேன். விசில் மேல் விசிலாகப் போனது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.