சகாதேவன் கொடுத்த யோசனை

நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சகாதேவனுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. "நல்ல வக்கீலா ஒருத்தர சொல்லுங்க" என்று பஸ் ஏறி வருகிறவர்கள் நேராக அவரிடம்தான் வருவார்கள். முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்துப் படிப்பார், எவர் வாய்தா அன்றைக்குப் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பெயரைச் சொல்லும்போதே ஒரு கேள்வியையும் சொல்லி அனுப்புவார். "இந்தக் கேஸுல எனக்கு எதிரா இன்னா இருக்குனு கேளுங்க. 'ஒன்னுமில்ல, ஜெயிச்சுடலாம்'னு சொன்னாருன்னா ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பி வந்துடுங்க."

அது ராமகிருஷ்ணன் வக்கீலிடம் கற்றது. பே கோபுரத் தெருவில் மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் மலை. கட்சிக்காரரை எதிரே உட்காரவைத்து, பிராது முழுவதையும் அவருக்குப் புரிகிற தமிழில் படித்துக்காட்டிய பிறகுதான் ராமகிருஷ்ணன் கையெழுத்து வாங்குவார். தட்டச்சு ஓசை, நாலு மணி டீ, படிக்கட்டு வரை கழற்றிக் கிடக்கும் செருப்புகள். அந்த நாட்களை நினைத்தால் சகாதேவனுக்கு இன்றும் நெஞ்சு இளகிவிடும். வக்கீல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மாடி இப்போது கிரிவலம் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ். அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்ப்பார். ஜன்னலில் யாருடைய துண்டோ காயும்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து திரௌபதி வந்தாள். கணவன் இறந்து மூன்று வருஷமாகிறது. மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை போடும் ஒரு ஏக்கர் நிலம்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு. அதைத் தனதென்று கணவனின் அண்ணன் வழக்குப் போட்டு, தீர்ப்பும் வாங்கிவிட்டான். இவள் கோர்ட்டுக்கே போகாததால் அவன் பக்கத்தை மட்டும் கேட்டுக் கொடுத்த தீர்ப்பு.

சகாதேவன் தீர்ப்பின் தேதியைப் பார்த்தார். ரத்து செய்யக் கேட்டு மனுப் போட முப்பது நாள். இருபத்தாறு போய்விட்டது.

"சம்மன் வரலியாம்மா?"

"வந்துச்சுங்க. கோர்ட்டு அமீனா அத எடுத்துக்கினு ரெண்டு வாட்டி வந்தாரு. நான் வாங்கல."

"ஏன் வாங்கல?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எந்த மகராசன் உனக்கு அந்த யோசனை குடுத்தான்?"

திரௌபதி கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க மாமனாரு அப்பாசாமிக்கு நீங்க சொன்னீங்களாம். சம்மன வாங்கலைன்னா கேஸே கெடையாதுனு. எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் என்றால் வழக்குப் போட்ட மூத்தமகனுக்கும்தான். இவள் வாங்க மாட்டாள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சகாதேவனுக்கு நினைவு வந்தது. அப்போது முப்பது வயது. சட்டைப்பையில் இரண்டு பேனா. கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் அப்பாசாமி, வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரன் வழக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். வக்கீல் ஊரில் இல்லை. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று இவர் ஒரு சட்டத்தை அவிழ்த்துவிட்டார். பக்கத்து நிலத்துக்காரன் தானாகவே சமாதானமாகி வழக்கை வாபஸ் வாங்கினான். அப்பாசாமியோ இவரைக் கெட்டிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லி, ஒரு மூட்டை மணிலா கொண்டுவந்து இறக்கினார். இவரும் மறுக்கவில்லை. வறுத்துத் தின்றார்.

அன்றே அவளை வினோதினி வக்கீலிடம் அழைத்துப் போனார். திரௌபதி அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேஸ் கட்டை அங்கேயே முழுவதும் படித்துப் பார்த்த வினோதினி மழுப்பவில்லை.

"எதிரா இருக்கறது ஒன்னுதாம்மா. சம்மன வேணாம்னு திருப்பினா, வாங்கின மாதிரிதான் சட்டம் எடுத்துக்கும். ஏன் திருப்பினீங்கன்னு சரியான காரணம் சொல்லணும்."

"மஞ்சக்காமாலைனு ஒரு சர்டிபிகேட் வெச்சா..." என்று ஆரம்பித்தார் சகாதேவன்.

"சார், நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மை கோர்ட்டில் ஏறினால் வளாகம் முழுக்கச் சிரிக்கும். நல்ல வக்கீலைக் காட்டுகிறவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது. அதுவும் போய்விடும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நிலம் போகிறதே.

"நான் அஃபிடவிட் தரேன் மேடம். நான் சொல்லித்தான் இந்தக் குடும்பம் அப்படி நம்புச்சுனு எழுதுங்க."

இருபத்தொன்பதாம் நாள் மனு உள்ளே போனது. ஆயிரக்கணக்கான பேருக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிய கை, இந்த முறை தன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டது.

விசாரணையன்று நீதிபதி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்த யோசனையை நீங்கதான் கொடுத்தீங்களா?"

"ஆமாங்க ஐயா. தெரியாத விஷயத்தத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

பின் வரிசையில் இரண்டு ஜூனியர்கள் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கடுமையாக ஆட்சேபித்தார். மறு வாரம் உத்தரவு வந்தது. பழைய தீர்ப்பு ரத்து. இரண்டு பக்கத்தையும் கேட்டு வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் நன்றி சொல்வாள் என்று சகாதேவன் எதிர்பார்த்தார். பொய் சொல்வானேன், எதிர்பார்க்கத்தான் செய்தார்.

"இன்னும் யார் யாருக்கு இப்படிச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள் திரௌபதி.

"ஞாபகம் இல்லம்மா."

"ஞாபகப்படுத்திப் பாருங்க. அவங்க வூட்டுக்கும் ஒருநாள் அமீனா வருவாரு."

மறுநாள் காலை ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. சகாதேவன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தப் பழைய டீக்கடையில் பார்த்த முகங்களுக்குப் பெயர் தேடி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.